சைலன்ஸர் பக்கம் மாட்டிய பை

புது மோட்டார் சைக்கிள் வாங்கிய யாருக்கும், "பையில் என்ன வைப்பீர்கள்?" என்று கேட்காமல் நான் பை மாட்டியதில்லை. ஒரே ஒரு தரம் கேட்காமல் மாட்டினேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னவர்கள் அரக்கோணம் ரோட்டில் புதிதாக ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். போன மாதம் ஒரு பளபளப்பான விலைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டிக்கு மாட்டும் சாமான்களில் எதையெல்லாம் வாங்கி அடுக்கலாம் என்று கேட்டார்கள். புரட்டிப் பார்த்தேன். பாதி அலங்காரம். மீதிப் பாதி, அந்த அலங்காரம் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிற கிளாம்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நான் சொன்ன நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டு, "இத அப்படியே எழுதிக் குடுங்க, கடையில மாட்டி வெச்சுக்கறோம்" என்றார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை நான். மாட்டி வைக்க ஒரு சுவரே வேண்டியிருக்கும். அது அவர்கள் பாடு.

நான் வேலை கற்றது ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்த வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். நாலு வருஷம் கரியைக் கிளறினேன், திட்டு வாங்கினேன், ஸ்பேனர் அளவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கற்றேன். கற்ற காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்ததும் திருத்தணிக்கு வந்து முனிரத்தினம் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அப்போது நம் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலையடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கொட்டகை.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குள்ளமான மனிதர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். புது வண்டி வந்தால் சீயக்காய் போட்டுக் கை கழுவாமல் தொட மாட்டார். என்னையும் தொட விடமாட்டார். வண்டிக்காரர் கேட்கிற சாமான்களையெல்லாம் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் எழுதுவார். ஒன்றுக்கும் மறுப்புச் சொல்வதில்லை. எழுதி முடித்ததும், "வண்டி பதினஞ்சு நாளு வெறுமனே ஓடட்டுங்க. தெனமும் எந்த ரோட்ல போறீங்களோ அதுலயே போங்க. அப்பாலிகா வாங்க" என்பார். பதினைந்து நாள் கழித்து வருகிறவரைத் தரையைப் பார்க்க விடாமல் மரப்பெட்டியில் உட்கார வைத்து, "இன்னா வேணும்?" என்று மறுபடி கேட்பார். முதலில் சொன்னதில் எதை மறந்துவிட்டாரோ அதைக் காலால் தேய்த்து அழித்துவிடுவார். தரையில் மிஞ்சுவதுதான் வண்டிக்கு. இந்த முறையால் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய வியாபாரம் எத்தனையோ கெட்டது. ஆனால் எங்கள் கையால் சாமான் மாட்டிக்கொண்டு போன ஒருவரும் அதைக் கழற்றச் சொல்லித் திரும்பி வந்ததில்லை.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, கே.ஜி.கண்டிகையில் நிலபுலத்தோடு இருந்த துரைசாமி என்பவர் தம் மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சீராக ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். மாப்பிள்ளை ஜெகநாதன் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு அம்மை வராமல் இருக்க அம்மைப்பால் குத்துகிற உத்தியோகம். அதுவரை சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய வண்டியை மாலை போட்டு எங்கள் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மேஸ்திரி, இதுக்கு இன்னா இன்னா உண்டோ அத்தினியும் மாட்டிடு. கண்டிகையில பாக்கறவன் வாயப் பொளக்கணும்" என்றார் துரைசாமி.

"மாட்டிடலாங்க. ஓட்டப் போறது யாரு?"

"மாப்ள."

"அப்ப அவரையும் கேட்டுக்கறேங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி சாக்கட்டியை எடுத்தார்.

முன்புறக் கண்ணாடித் தடுப்பு, கால் அடிபடாமல் இருக்கக் கம்பி, இரண்டாவது விளக்கு, ரப்பர் பந்து வைத்த ஊதல், பின் சீட்டு, தோல் பை, இன்னும் ஏதேதோ துரைசாமி சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக, முன் மட்கார்டின் மேல் கையோடு கொண்டு வந்திருந்த தோகை விரித்த பித்தளை மயில் நிற்க வேண்டும் என்றார். சாமி ஊர்க்காரர்களுக்கு இப்படி ஆசை வருவது சகஜம். மேஸ்திரி அதையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு மெதுவாக, "மயிலு நிக்கட்டுங்க. ஆனா முன்னால போற மாட்டு வண்டி சேத்தையும் சாணியையும் அங்கதாங்க வாரி அடிக்கும். முருகனோட வாகனத்து மேல படலாங்களா?" என்று கேட்டார்.

துரைசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மயில் அவர் வீட்டுப் பூஜை அறைக்குப் போய்விட்டது.

பதினைந்து நாள் கழித்து ஜெகநாதன் மனைவியோடு வந்தபோது மேஸ்திரி ஊரில் இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குச் சித்தூர் போயிருந்தார். போகும்போது, "பாத்து மாட்டு" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருபத்திரண்டு வயது. கொட்டகையே என்னுடையது என்கிற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

மேஸ்திரி முறைப்படியே இருவரையும் மரப்பெட்டியில் உட்கார வைத்துக் கேட்டேன். ஜெகநாதன் பின் சீட்டும் ஒரு பையும் போதும் என்றார். கண்ணாடித் தடுப்பு அவருக்கு வேண்டாம். ஆனால் மாமனார் அதை மெட்ராஸில் சொல்லி வரவழைத்துவிட்டார். மாட்டாவிட்டால் வீட்டில் பேச்சு வளரும் என்று தயங்கினார். சரி என்று மாட்டினேன். அவர் மனைவி சரோஜா, புருஷன் அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணே, போன வாரம் கேரியர்ல உக்காந்து மலைக்குப் போய்ட்டு வரச்சொல்ல முந்தான சக்கரத்துல சுத்திக்கிச்சு. நல்ல வேள, வண்டி மெதுவா போய்க்கினு இருந்துச்சு. எங்க நைனா கிட்ட சொல்லிடாதீங்க, அப்பறம் என்ன ஏறவே விட மாட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரன் ஊரில் பின்னால் உட்காருகிறவர்கள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவார்கள். அவன் செய்த வண்டியில் சேலைக்கு என்று ஒன்றும் கிடையாது. நம் ஊர்ப் பெண்கள் இரண்டு காலையும் இடது பக்கமாகத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். செயினும் அந்தப் பக்கம்தான். பழைய பஸ் ஜன்னல் கம்பிகளை எடுத்து வளைத்து, பின் சக்கரத்தின் இடது பக்கம் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒரு தட்டி செய்தேன். கீழே கால் வைக்க ஒரு பலகை. சரோஜாவை உட்கார வைத்து, முந்தானையைத் தொங்கவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். துணி கிட்டேயே போகவில்லை. இன்றைக்கு எல்லாக் கம்பெனிக்காரனும் சேலைக் கம்பி போட்டே அனுப்புகிறான். திருத்தணியில் எனக்குத் தெரிந்து முதல் சேலைக் கம்பி என் கைவேலை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இடது பக்கம் சரோஜாவின் காலுக்கும் சேலைக்கும் போய்விட்டதால், தோல் பையை வலது பக்கம் மாட்டினேன். வலது பக்கம்தான் சைலன்ஸர் ஓடுகிறது. நாலு விரல் இடைவெளி விட்டு, வண்டியை நிற்க வைத்து அரை மணி நேரம் இன்ஜினை ஓட்டிப் பையின் அடியைத் தடவிப் பார்த்தேன். தோல் கருகவில்லை. அதோடு என் சோதனை முடிந்தது. பையைச் சோதித்தேன். பையில் வைக்கப் போவதைச் சோதிக்கவில்லை. ஏதோ காகிதம், ரிஜிஸ்டர் வைத்துக்கொள்வார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

மேஸ்திரி திரும்பி வந்ததும் சேலைக் கம்பியைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். தலையை ஆட்டினார். பையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

மாசி மாதம். அம்மை வருகிற காலம். ஒருநாள் காலை ஜெகநாதன் மனைவியோடு வந்து இறங்கினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அம்மையார்குப்பத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இரண்டு தரம் குத்தியும் ஒரு குழந்தையின் கையிலும், குத்தியது பலித்ததற்கு அடையாளமான கொப்புளம் எழும்பவில்லை. அதற்குள் நடேசன் என்கிற நெசவாளரின் மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டு தரமும் குத்திக்கொண்ட பெண். மேலதிகாரி ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்டிருந்தார். மருந்தை வெளியில் விற்றுவிட்டு வெறும் தண்ணீரைக் குத்தினார் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். வேலை போகும், அதற்கு மேலும் போகலாம்.

"தெருவுல இன்னா சொல்றாங்க தெரியுமா, மேஸ்திரி? சைக்கிள்ல வந்தப்ப பலிச்சுது, மோட்டார்ல வர ஆரம்பிச்சதும் பலிக்கல, ஆத்தாவுக்கு மோட்டார் சத்தம் ஆகலன்றாங்க. வண்டிச் சத்தம் கேட்டாலே கதவ சாத்திக்கினு போறாங்க. அந்தத் தெருவுல இன்னும் எத்தினி கொழந்தைங்க கெடக்குது!" என்றார் ஜெகநாதன்.

எனக்கு அந்தத் தெருக்காரர்கள் மேல் கோபம் வந்தது. வண்டி என்ன பாவம் செய்தது என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அப்போது சரோஜா பையைத் திறந்து காட்டி என்னிடம், "அண்ணே, உள்ளார சோடாக்காரம் போட்டுக் கழுவித் தர்றீங்களா? கண்டிகையில இருந்து எங்கம்மா வெண்ண குடுத்து அனுப்புனாங்க. இப்படிக் குளுர்ற காலையிலயும், வந்து தொறந்து பாத்தா நெய்யா ஓடிக்கினு கீது" என்றார்.

நான் பைக்குள் கையை விட்டேன். அடித்தோல் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி போல இருந்தது.

"சார், அம்மைப்பால எதுல வெச்சு எடுத்துனு போறீங்க?"

"இந்தப் பையிலதான். சைக்கிள்ல போறப்ப ஈரத் துணியில சுத்தி ஹேண்டில்பார்ல தொங்க விட்டுக்குவேன். இப்பதான் நல்ல பையா ஆயிடுச்சே, மூடி போட்டு பத்திரமா…" அவர் பேச்சு அங்கேயே நின்றது. சூடு பட்டால் அம்மைப்பால் செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? மூடி போட்ட தோல் பை வெயிலைத் தடுக்கும் என்று அவர் நம்பினார். அடியிலிருந்து வருகிற சூட்டை அவர் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவன் நான்.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் விடியற்காலையில் இரண்டு வாழை இலைத் துண்டில் ஒரே அளவாக வெண்ணெய் வைத்துக் கட்டினார். ஒன்றைப் பைக்குள் வைத்தார். இன்னொன்றை ஈரத் துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, சரோஜா உட்காருவது போலவே ஒரு பக்கமாகக் கால் போட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அம்மையார்குப்பத்து எல்லை வரை போய்த் திரும்பினோம். பையில் இருந்தது உருகி இலை மிதந்தது. ஹேண்டில்பாரில் இருந்தது கட்டியாக இருந்தது. இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு மேஸ்திரி, "இப்ப செய்" என்றார்.

அன்று பகல் முழுக்கச் செய்தேன். விளக்குக்குக் கீழே, எதிர்காற்று நேராக மோதுகிற இடத்தில், ஓர் இரும்பு வளையம் பற்ற வைத்தேன். அதில் முதலில் ஒரு சின்ன மண் குடுவையை உட்கார வைத்தேன். முதல் பள்ளத்திலேயே உடைந்தது. பிறகு மூடியுள்ள பித்தளைச் செம்பு ஒன்றுக்குத் தடித்த நூல் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, துணி காயாதபடி மேலே சொட்டுச் சொட்டாக நீர் விழ ஒரு டப்பாவும் வைத்தேன். அதிர்ச்சி தாங்கப் பழைய டியூபை அறுத்துப் பட்டை போட்டேன். வண்டி வேகமாகப் போகப் போகக் காற்று அடித்து, உள்ளே இன்னும் குளிர வேண்டும். ஆனால் குளிரவில்லை. அந்தக் கண்ணாடித் தடுப்பின் அடித்தட்டு காற்றையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தது.

தடுப்பைக் கழற்ற வேண்டும் என்று துரைசாமிக்கு ஆள் அனுப்பினோம். வில் வண்டி கட்டிக்கொண்டு கோபமாகவே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் மறைக்கவில்லை. அந்தக் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "எங்க ஸ்பேனரு? நானே கழட்டறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

மேலதிகாரி திருத்தணிக்கு வந்து முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். மேஸ்திரி தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்து, "தப்பு எங்க ஒர்க்‌ஷாப்புதுங்க" என்றார். நான் முன்னால் வந்து, "ஒர்க்‌ஷாப்புது இல்லீங்க, என்னுது" என்றேன். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலுக்கு வந்து, வெயிலில் நாங்கள் ஓட்டி வந்து நிறுத்திய வண்டியின் செம்பைத் திறந்து உள்ளே விரலை விட்டார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. "புதுசா அம்மைப்பால் வரவழைக்கிறேன். அந்தத் தெருவுல குத்திக் காட்டுங்க. பலிச்சா விளக்கம் கேட்ட இந்தக் காகிதத்தக் கிழிச்சிடறேன்" என்றார்.

புது மருந்து வந்ததும் அந்தத் தெருவுக்கு ஜெகநாதனோடு நானும் போனேன். வண்டிச் சத்தம் கேட்டதும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. நடேசன் மட்டும் வேப்பிலை செருகிய தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மூத்த பெண் படுத்திருந்தாள். அவள் முகம் நிறையத் தழும்போடு பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பிழைத்திராவிட்டால் இதை இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

அவரிடம் சொல்வதுதான் அதிகாரியிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, உங்க பொண்ணுக்கு பலிக்காம போனதுக்கு இவரு காரணமில்ல. ஆத்தாவும் காரணமில்ல. மருந்து வெச்ச பைய நான் சூடு படற எடத்துல மாட்டிட்டேன். நீங்க சொன்னதுல பாதி நெசம். மோட்டாராலதான் கெட்டுது. இப்ப மாத்திட்டேன்."

அவர் எழுந்து வந்து செம்பைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நீ குத்திக்கினு கீறியா?"

இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது, அம்மை குத்துகிறவர் வந்தாலே என்னை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். அதைச் சொன்னேன்.

"அப்ப மொதல்ல ஒனக்கு குத்திக்கோ. எட்டாம் நாளு வந்து கையக் காட்டு. பாத்துட்டு சொல்றேன்."

"எட்டு நாளு ரொம்ப தூரம், ஐயா. வீட்டுல சின்னது ஒண்ணு இருக்குதே. ஆறாம் நாளே கொப்புளம் தெரிஞ்சிடும்" என்று ஜெகநாதன் கெஞ்சினார்.

"அப்ப ஆறாம் நாளு வா" என்றார் நடேசன்.

தெருவின் நடுவில், சாத்திய கதவுகளின் இடுக்கு வழியாக எல்லாரும் பார்க்க, சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். ஜெகநாதன் செம்பைத் திறந்து மருந்தை எடுத்தார். ஊசியைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். அன்றைக்கு முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நின்றேன் என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். ஜெகநாதன் வேறு மாதிரி சொல்வார்.

மூன்று நாள் கையில் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாள் நான் சோறு சாப்பிட்டேனா என்று நினைவில்லை. மேஸ்திரி காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். நாலாம் நாள் சிவந்து தடித்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டவன் நம் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆறாம் நாள் விடிந்தபோது முத்து மாதிரி ஒரு கொப்புளம் எழும்பி, நடுவில் குழி விழுந்திருந்தது. ஜெகநாதன் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். புது மருந்தைச் செம்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

இந்தத் தரம் கதவுகள் பாதி திறந்திருந்தன. நடேசன் வாசலிலேயே நின்றிருந்தார். நான் காய்ச்சலோடு இறங்கிச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். அவர் குனிந்து, நெருங்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு கொப்புளத்துக்குப் பக்கத்தில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தினார்.

"நோவுதா?"

"ஆங், நோவுது."

"நோவட்டும்" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி மனைவிக்கு, "ஏமே, சின்னவள எட்துனு வா" என்று குரல் கொடுத்தார்.